எரிந்த குதமும் எரிந்த கப்பலும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை போரோடு நின்றுவிடாமல், போர்க்காலத்தில் தழைத்த பாதாள உலகக் கும்பல்களைப் பற்றியும் விசாரித்திருந்தன. ஆகவே இம்முறை இந்தப் பக்கங்களை முழுவதுமாக அக்கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

ஐயா, சீனன்குடா எண்ணெய்க் குதத்தின் மேல் ஜப்பானிய விமானி வேண்டுமென்றே விமானத்தைக் கொண்டுபோய் மோதினான், அவன் தற்கொலைப் படையைச் சேர்ந்தவன் என்று எங்கள் அப்பப்பா சொல்லுவார். இது உண்மையா?
– வாசகர், சீனன்குடா

விமானம் மோதியதும், 91ஆம் இலக்கக் குதம் பற்றி எரிந்ததும் உண்மை. ஏழு நாள் எரிந்தது என்று ஊரில் சொல்வார்கள். அந்த இடத்தை ஒருமுறை நேரில் சென்று பார்த்தேன். தீயின் வெப்பத்தில் இளகிய தடித்த இரும்புத் தகடுகள், வெயிலில் காய்ந்த வாழைமடல்களைப் போல உள்நோக்கிச் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் நடுவே பற்றைக்காடு மண்டியிருக்கிறது. கையை வைத்தபோது துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அயலில் முழுமையாக நிற்கும் குதங்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தத் தீ எப்படிப்பட்டது என்பது விளங்கும்.

ஆனால் தற்கொலைப் படை என்பது வேறு விடயம். 'கமிகாசே' எனப்படும் அந்தப் படையணியை வைஸ் அட்மிரல் ஒனிஷி பிலிப்பைன்ஸில் அமைத்தது 1944 ஒக்டோபரில்தான். கப்பல்களையும் தேர்ந்த விமானிகளையும் பெருமளவில் இழந்து, வேறு வழி தெரியாத நிலையில் ஜப்பான் எடுத்த முடிவு அது. 1942 ஏப்ரலிலோ ஜப்பான் வென்றுகொண்டிருந்தது. அட்மிரல் நகுமோவின் கீழ் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்கு வந்திருந்தன. பல ஆண்டுகள் பயிற்றப்பட்ட விமானிகளை அவ்வேளையில் வீணாக இழக்க அவர்களுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. அதே வேளையில், அடிபட்டு இனித் தாய்க்கப்பலுக்குத் திரும்ப முடியாது என்று கண்ட விமானி எதிரியின் இலக்கொன்றின் மீது பாய்வது, எந்தப் படையணியும் இல்லாமலே, தனி மனிதரின் கடைசி நேர முடிவாக அதற்கு முன்பும் நடந்ததுண்டு. ஆகவே அப்பப்பா சொன்ன சம்பவம் சரி. படையின் பெயர்தான், 1944க்குப் பின்னர் உலகம் முழுவதும் அடிபட்டபோது, இந்தக் கதையிலும் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு.

ஐயா, 1942இல் நியூயோர்க் துறைமுகத்தில் எரிந்த நோர்மண்டி என்ற கப்பலை மாஃபியாக் கும்பல்தான் கொளுத்தியது, சிறையில் இருந்த தங்கள் தலைவனை வெளியே எடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அமெரிக்கக் கடற்படையே பிறகு அவர்களிடம் உதவி கேட்டதாமே?
– உயர்தர மாணவர், உவர்மலை

தம்பி, உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி உண்மை. முதலாம் பகுதி பிற்காலத்தில் கட்டப்பட்ட கதை. இரண்டும் ஒரே காணொளியில் ஒன்றாக வரும்போது, உண்மையானது பொய்யானதையும் தோளில் சுமந்துகொண்டு போய்விடுகிறது.

கப்பல் எப்படி எரிந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். நோர்மண்டி பிரான்சின் பயணிகள் கப்பல். அக்காலத்தின் மிகப் பெரிய கப்பல்களுள் ஒன்று. போர் வெடித்தபோது நியூயோர்க்கிலேயே தங்கிவிட்ட அதனை, அமெரிக்கா போரில் இறங்கியதும் 1941 டிசம்பரில் கையகப்படுத்தி, லஃபாயெட் என்று பெயர் மாற்றி, துருப்புகளை ஏற்றும் கப்பலாக ஆக்கும் வேலையை அவசர அவசரமாகத் தொடங்கியது. 1942 பெப்ரவரி 9ஆம் திகதி, அதாவது நமது துறைமுகம் தாக்கப்படுவதற்குச் சரியாக இரண்டு மாதங்களுக்கு முன்னர், அதன் பெரிய மண்டபத்தில் உருக்குத் தூண்களை வாயுச் சுவாலையால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அருகிலேயே உயிர்காப்பு அங்கிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. அந்த அங்கிகளுக்குள் அடைக்கப்பட்டிருந்தது இலவம்பஞ்சு. நம் வீட்டுத் தலையணைகளுக்குள் இருக்கும் அதே பஞ்சு. தண்ணீரில் நன்றாக மிதக்கும் என்பதால் அங்கிக்கு அதைத் தேர்ந்தார்கள். ஆனால் ஒரு பொறி பட்டால் அது எப்படிப் பற்றும் என்பதைக் குப்பிவிளக்குக் காலத்தில் வளர்ந்த எந்தத் தாயும் சொல்லுவார்.

கப்பலின் தீயணைப்பு ஏற்பாடுகள் வேலைக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தன. கப்பலிலிருந்த பிரெஞ்சுக் குழாய் வாய்களில் அமெரிக்கக் குழாய்கள் பொருந்தவில்லை. கரையிலிருந்தும் படகுகளிலிருந்தும் மேல் தட்டுகளின் மீது கொட்டப்பட்ட தண்ணீர் வடிய வழியின்றித் தேங்கி, மேற்பாரம் கூடி, மறுநாள் விடியும் முன்னரே கப்பல் பக்கவாட்டில் சரிந்து கவிழ்ந்தது. தீயணைக்க வந்த தண்ணீரே அதைக் கவிழ்த்தது என்றுதான் சொல்லவேண்டும். விசாரணை செய்த கடற்படையும் அமெரிக்கக் காங்கிரசும் அதனைக் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்றே முடிவு செய்தன. தாங்களே கொளுத்தினோம் என்ற உரிமை கோரல் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. அதற்குப் பெரிதும் பரவல் கொடுத்தது, கும்பல் தலைவர் லக்கி லூசியானோ இறந்து பத்தாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர் அவருடைய வாய்மொழி என்ற பெயரில் வெளியான, நம்பகத்தன்மை பலமாகக் கேள்விக்குள்ளான ஒரு நூல்.

ஆனால் 1942இன் தொடக்கத்தில் நியூயோர்க்கில் இருந்தவர்கள் இவ்வளவு நிதானமாக யோசிக்கும் நிலையில் இல்லை. ஜேர்மன் நீர்மூழ்கிகள் ஜனவரி முதல் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாகச் சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. மீன்பிடிப் படகுகள் இரகசியமாக அவற்றுக்கு எரிபொருள் கொடுக்கின்றனவோ என்ற ஐயமும் பரவியிருந்தது. கடற்படைப் புலனாய்வினர் முதலில் மீன் சந்தையை ஆண்ட ஜோசப் லான்சா என்பவரை அணுகினார்கள். அவருடைய சொல் துறைமுகம் முழுவதிலும் எடுபடவில்லை என்றதும், 1936இல் 30 முதல் 50 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை பெற்றுக் கனடா எல்லைக்கு அருகிலிருந்த சிறையொன்றில் கிடந்த லூசியானோவிடம் போனார்கள். 1942 மே மாதத்தில் அவர் நியூயோர்க்குக்கு இன்னும் அருகிலிருந்த சிறைக்கு மாற்றப்பட்டார். அவருடைய கூட்டாளி மேயர் லான்ஸ்கி ('மேயர்' என்பது இங்கே பதவியல்ல, பெயர்) முதலியோர் அங்கே போய் அவரைச் சந்தித்தார்கள். துறைமுகத்தில் வாய்திறக்க மறுத்தவர்கள் அதன் பின்னர் பேசத் தொடங்கினார்கள்.

இதனால் நாசகாரர் யாராவது பிடிபட்டார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் எட்டு ஜேர்மன் நாசகாரர்கள் நீர்மூழ்கிகளில் வந்து லோங் தீவிலும் புளோரிடாவிலும் கரையிறங்கியது உண்மையே. லோங் தீவில் அவர்களை முதலில் கண்டவர் இரவு ரோந்து சென்ற கரையோரக் காவற்படைச் சிப்பாய் ஒருவர். எட்டுப் பேரும் அகப்பட்டதற்குக் காரணம், அவர்களுள் ஒருவரே போய்ச் சரணடைந்தமை. மாஃபியாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இருந்தும் 1946 ஜனவரியில், லூசியானோவை முன்பு சிறைக்கு அனுப்பிய அரச வழக்குத்தொடுநரான தோமஸ் டூயியே, அப்போது நியூயோர்க் மாநில ஆளுநராக இருந்து, தண்டனையைக் குறைத்து அவரை இத்தாலிக்கு நாடுகடத்தினார். 1954இல் நடந்த விசாரணை கடற்படை உதவி பெற்றதை உறுதிப்படுத்தியது. கடற்படையின் வேண்டுகோளால் அந்த அறிக்கை பல ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட்டது. அந்த மறைப்புத்தான் கதைகள் வளர உரமாயிற்று என்று நான் நினைக்கிறேன். ஏட்டைப் பூட்டி வைத்தால், வீம்பு பேசுபவனின் வாயே ஏடாகிவிடுகிறது. தம்பி, இனி இப்படி ஒரு கதை கண்ணில் பட்டால், முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில் சொன்னார், சொன்னதால் அவருக்குக் கிடைத்தது என்ன என்ற மூன்றையும் பாருங்கள். கும்பல் அந்தக் கப்பலைக் கொளுத்தவில்லை. கப்பல் எரிந்ததால் பிறந்த பயத்தை விலைபேசி விற்றது.

ஒரு தனி ஆள் ஒரு பெரிய மீன் சந்தையையே கைக்குள் வைத்திருக்க முடியுமா? நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். இங்கு அப்படி யாரும் செய்ய முடியாது.
– வாசகர், திருக்கடலூர்

உங்களைப் போன்றவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வள்ளம் கரைக்கு வந்த பின்னர் மீனுக்கு இருக்கும் ஆயுள் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். நியூயோர்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் லான்சாவின் ஆட்கள் மீனைத் திருட வேண்டிய தேவையே இருக்கவில்லை; தாமதம் ஒன்றே போதுமானதாக இருந்தது. மீன் இறக்குவோரின் தொழிற்சங்கம் அவருடைய கையில் இருந்தது. கப்பம் கொடுத்த படகின் மீன் உடனே இறங்கியது, கொடாத படகின் மீன் வெயிலில் காத்துக் கிடந்தது. லொறிக்காரர், கடைக்காரர் எல்லோருக்கும் இதே கதை. ஐஸ் உருகும் நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தவன் பொலிசுக்குப் போகவில்லை, பணத்தை எண்ணிக் கொடுத்தான். கடற்படை அவரிடம் உதவி கேட்டுப் போன வேளையிலும் அவர் மீது கப்பம் வாங்கிய வழக்கு நிலுவையில் இருந்தது. 1943இல் அவர் சிறைக்கும் போனார். ஒரு கடற்கரையில் இறக்குமிடம் ஒன்றே, தொழிற்சங்கம் ஒன்றே, வாங்குபவரும் ஒருவரே என்று ஆகிவிட்டால் எந்த ஊரிலும் இது நடக்கும். இங்கே வாடிகள் பலவாகப் பிரிந்து இருப்பது உங்களுக்கு ஒரு காப்பு.

சிசிலித் தீவை நேச நாடுகள் பிடித்ததே லூசியானோவின் உதவியால்தான் என்று படித்தேன். விமானத்திலிருந்து அவருடைய பெயரின் முதலெழுத்துப் பொறித்த கைக்குட்டை போடப்பட்டதாமே? மாணவர்களுக்குச் சொல்லலாமா?
– வரலாற்று ஆசிரியை, கிண்ணியா

கட்டுக்கதை என்று சொல்லிச் சொல்லுங்கள், அம்மா. லூசியானோ சிறு வயதிலேயே சிசிலியை விட்டு அமெரிக்காவுக்குப் போனவர். 1936 முதல் சிறையில் இருந்தவர். நேச நாட்டுப் படைகள் 1943 ஜூலை 10ஆம் திகதி கரையிறங்கி, 38 நாள் போரிட்டு, ஓகஸ்ட் 17இல் தீவை முழுமையாகக் கைப்பற்றின. மேற்குப் பகுதி விரைவில் விழுந்ததற்குக் காரணம், இத்தாலியப் படையினருக்கு மேலும் போரிட மனமில்லாமையும், ஜேர்மனியர் எட்னா மலைப் பக்கமாகப் பின்வாங்கியமையும். வில்லால்பா என்ற ஊரின் மேலே கைக்குட்டை போடப்பட்டதைக் கேட்டு மாஃபியாத் தலைவர் கலோஜெரோ விசினி அமெரிக்கப் படைக்கு வழி திறந்துவிட்டார் என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை.

உண்மையில் நடந்தது அதைவிடக் கவலைக்குரியது. முசோலினியின் ஆட்சியில் செசாரே மோரி என்ற அதிகாரி 1920களில் மாஃபியாவைக் கடுமையாக ஒடுக்கியிருந்தார். நேச நாட்டு இராணுவ நிர்வாகம் வந்ததும், பாசிசக் கட்சியைச் சேராதவர்களை ஊர்த்தலைவர்களாக நியமிக்கத் தேடியபோது, பாசிசத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொண்டு முன்வந்து நின்றவர்களில் மாஃபியாக்காரரும் இருந்தார்கள். மொழி அறியாத அதிகாரிகளுக்கு அரிசியும் உமியும் பிரித்துப் பார்க்க நேரமிருக்கவில்லை. விசினி வில்லால்பாவின் மேயரானார். 1944 செப்டெம்பர் 16ஆம் திகதி அதே ஊரின் சதுக்கத்தில் கொம்யூனிஸ்ட் தலைவர் ஜிரோலமோ லி கவுசி பேசிக்கொண்டிருந்தபோது துப்பாக்கிச் சூடும் கைக்குண்டு வீச்சும் நடந்து 14 பேர் காயமடைந்தார்கள். 1947 மே 1ஆம் திகதி, போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா என்ற மலைவெளியில் மே தினம் கொண்டாடக் குடும்பம் குடும்பமாகக் கூடியிருந்த விவசாயிகள் மீது சல்வதோரே ஜூலியானோவின் கொள்ளைக் கூட்டம் மலைமேலிருந்து சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். அவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள். ஜூலியானோ 1950இல் கொல்லப்பட்டார். ஏவியவர் யார் என்று சொல்லக்கூடியவராக எஞ்சியிருந்த அவருடைய கையாள் பிஷ்ஷோத்தா, 1954இல் பலெர்மோ சிறையில் நஞ்சூட்டப்பட்டு இறந்தார்.

நியூயோர்க் மாஃபியாக்காரரான விட்டோ ஜெனோவிஸ் என்பவரின் கதையையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். கொலை வழக்கிலிருந்து தப்பி 1937இல் இத்தாலிக்கு ஓடியவர், நேபிள்ஸ் பகுதியில் அமெரிக்க இராணுவ நிர்வாகத்தின் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்துகொண்டே, அந்த இராணுவத்தின் மாவையும் எரிபொருளையும் கறுப்புச் சந்தைக்குத் திருப்பினார். 1944 ஓகஸ்டில் அவரைப் பிடித்தவர் ஒரேஞ்ச் டிக்கி என்ற இளம் இராணுவப் புலனாய்வாளர். மேலதிகாரிகள் ஊக்கம் தராதபோதும் விடாமல் நின்று, 1945இல் தாமே கைதியை நியூயோர்க்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் அதற்கு முன்பே, பொலிஸ் காவலில் இருந்த முக்கிய சாட்சி நஞ்சால் இறந்துபோயிருந்தார். வழக்கு நிற்கவில்லை, 1946இல் ஜெனோவிஸ் வெளியே வந்தார். டிக்கியைப் போன்றவர்களைப் பற்றி எந்தக் காணொளியும் வருவதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

அரசுகள் இப்படிக் கும்பல்களைக் கூட்டுச் சேர்த்தது அமெரிக்காவில் மட்டும்தானா?
– வாசகி, பாலையூற்று

இல்லை. 1927 ஏப்ரல் 12ஆம் திகதி, ஷாங்காய் நகரில், சீனத் தேசியவாதத் தலைவர் சியாங் காய் ஷேக்கின் தரப்பு தொழிற்சங்கத்தினரையும் கொம்யூனிஸ்டுகளையும் அழிக்கப் பயன்படுத்தியது டூ யூஷெங்கின் 'பச்சைக் கும்பல்' என்ற அபின் வியாபாரக் கூட்டத்தையே. அந்த டூவுக்குப் பின்னர் அபின் ஒழிப்புப் பணியிலேயே பதவி கொடுக்கப்பட்டது.

நியூயோர்க்கையும் சிசிலியையும் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள். எங்கள் மண்ணில் நடந்தவற்றுக்கு இந்தப் பக்கத்தில் இடம் இல்லையா?
– வாசகர், மூதூர்

உங்கள் கோபம் நியாயமானது, எழுதுகிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நமது கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களே வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டிய படங்களை எடுத்தவர் நமது ஊர்ப் பத்திரிகையாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரையும், போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலையில் விடுவித்தது. உங்கள் மூதூரில், 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் நகருக்குள் நுழைந்து சண்டை மூண்டபோது முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடந்தே போனார்கள். அதே நாட்களில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர், அலுவலக வளவிலேயே, அருகில் வைத்துச் சுடப்பட்டு இறந்தார்கள். பதினாறு தமிழரும் ஒரு முஸ்லிமும். இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஜெனோவிஸின் வழக்கில் ஒரு சாட்சியின் மரணம் என்ன செய்தது என்பதை மேலே எழுதியபோது, என் மனதில் இருந்தது இந்தக் கடற்கரைதான். இங்கே அந்த மாணவர்களின் குடும்பத்தினருட்பட எத்தனை பேர், சாட்சி சொல்லும் நிலையில் இருந்தும், ஊரையும் நாட்டையும் விட்டுப் போக நேர்ந்தது என்பதை நீங்களும் அறிவீர்கள். இதற்குத் தனிப் பக்கம் வேண்டும். மூதூரிலிருந்து, தாம் கண்டதைத் திகதியோடு எழுதி அனுப்பக்கூடியவர்கள் எழுதுங்கள். பெயர் வெளிவராது.

நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தை நாளாந்தம் கடந்து போகிறேன். மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலில் இறந்தவர்களும் அங்கேதான் கிடக்கிறார்களா?
– வாசகி, சாம்பல்தீவு

மிகப் பெரும்பாலானோர் கப்பலோடு கடலுக்குள் போனார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து முதல் நாள் இரவே நமது துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட அந்த விமானந்தாங்கிக் கப்பலில், அன்று ஒரு போர்விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள், உயிர் தப்பிய பலரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தூக்கியெடுத்தது. உடல் கிடைக்காத கடற்படையினரின் பெயர்கள் இங்கிலாந்துத் துறைமுக நகரங்களின் நினைவுத்தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. நிலாவெளி வீதித் தோட்டத்தில் இருப்பவர்கள், அந்தப் போரில் வெவ்வேறு நாட்களில் இப்பகுதியில் இறந்த பல நாட்டவர். வாயில் பகலில் திறந்திருக்கும். ஒருநாள் இறங்கிப் பாருங்கள்; கற்கள் பலவற்றில் வயதும் பொறித்திருக்கிறார்கள், இருபதும் இருபத்தொன்றும்.